சங்கிலிக் கூடையும் அதிர்ஷ்டமும்

சிரஞ்சீவி கண்ணனுக்கு,

டிஸ்க் கால்ஃப் ஆட்டத்தில் ஐம்பதடி தூரத்திலிருந்து நீ எறிந்த தட்டு சங்கிலியில் சிக்கிக் கூடைக்குள் விழுந்ததையும், உன் தோழர்கள் அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டதையும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். அதிர்ஷ்டம்தான், சந்தேகமில்லை, ஆனால் அது எந்தத் தட்டையும் தேடி வந்துவிடுவதில்லை.

எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர் 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இவ்வாட்டத்துக்கென்றே முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தபோது வெறும் கம்பங்களே இலக்காக இருந்தன. தட்டு பட்டதா, படவில்லையா என்ற வழக்கு ஓயாமல் எழவே, கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு அடியில் கூடை வைக்கும் யுக்தியை அவர் பின்னர் கண்டுபிடித்தார். சங்கிலியின் வேலை தட்டின் வேகத்தை வாங்கிக்கொள்வது. நிதானமாக வந்து சங்கிலிகளின் நடுவே படும் தட்டை அவை தழுவிக் கூடையில் இறக்கிவிடும். மிஞ்சிய வேகத்தில் ஓரமாகப் படுவதோ அவற்றை விலக்கிக்கொண்டு மறுபுறம் வெளியேறிவிடும், அல்லது கம்பத்தில் மோதித் தெறித்துவிடும். விளிம்பு மழுங்கி, மெதுவாகப் பறக்கும் ‘புட்டர்’ தட்டைக் கடைசி எறிதலுக்கென்று வைத்திருப்பதும் இதனால்தான். உன் தட்டும் சங்கிலியின் உயரத்தில், வேகம் தணிந்து வந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் உன் கையின் வேலை, மிச்சந்தான் அதிர்ஷ்டத்தினுடையது.

இதற்கு உதாரணமாக யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் 2021 ஜூனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியைச் சொல்வேன். அதற்குமுன் ஐந்து முறை பட்டம் வென்றிருந்த பால் மக்பெத்தைவிட ஒரே ஒரு வீச்சு பின்தங்கி, கடைசிக் ‘குழி’யில் (ஒவ்வொரு கூடை இலக்கையும் அப்படித்தான் சொல்வார்கள்), கூடைக்கு 247 அடி, அதாவது சுமார் 75 மீட்டர் தொலைவில் நின்றார் ஜேம்ஸ் கான்ராட். தட்டு நேரே கூடையில் விழுந்தாலொழிய பட்டம் கைநழுவிப் போகும் என்ற நிலையில், ஒரு புட்டர் தட்டையே எடுத்து அவர் எறிய, அது மிதந்து சென்று சங்கிலியில் விழுந்தது. சுற்றி நின்ற கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆட்டம் சமனாகி, உபரியாக ஆடிய முதல் குழியிலேயே கான்ராட் ஜயித்தார். ‘ஹோலி ஷாட்’ என்று பெயரிட்டு ரசிகர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், என் மனம் நிற்பதெல்லாம், பக்கத்தில் போய் விழுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்துகொண்டு, கூடை ஒன்றையே லட்சியமாக வைத்து அவர் எறிந்த அந்தத் தெளிவில்தான்.

உன் நிலைமை வேறாக இருக்கலாம் என்பதை மட்டும் மறந்துவிடாதே. நீ முன்னணியில் இருக்கிறாய், கூடைக்குப் பின்னால் தரை சரிவாக இறங்குகிறது என்றால், தவறிய தட்டு விளிம்பில் விழுந்து, சக்கரமாய் உருண்டு, முன்னிலும் அதிக தூரத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்; அப்போது கூடையடியில் சாதுவாகப் போட்டுவிட்டு, அடுத்த வீச்சில் முடித்துக்கொள்வதே விவேகம். எதிர்காற்று வீசும்போது தட்டின் முன்விளிம்பு சற்றே தூக்கியிருந்தாலும் காற்று அதை மேலே ஏற்றிவிடுமாதலால், முன்விளிம்பைத் தாழ்த்தியே எறி. பத்து மீட்டர் வட்டத்துக்குள் நின்று எறியும்போது, உடல் நிலைகொண்டதைக் காட்டிய பிறகே முன்னே அடி வைக்கலாம் என்பது விதி. வட்டத்துக்கு வெளியே அந்தத் தடையில்லை. ஆகவே உன் ஐம்பதடியிலிருந்து எறிந்த கையோடு தாராளமாக ஓரடி முன்னே வைக்கலாம்.

மக்பெத் அதற்குப் பிறகு என்னவானார் என்று நீ கேட்பாய். மறு வருஷமே கான்ஸாஸ் மாநிலத்து எம்போரியாவில் ஆறாவது பட்டத்தையும் வென்றுவிட்டார். அங்கும் ஆட்டம் சமனாகி, உபரிக் குழிக்குத்தான் போயிற்று.

இப்படிக்கு,
உன் பெரியப்பா