பழனிப் பாதயாத்திரையில் தங்கலும் உணவும்

தைப்பூசத்தை ஒட்டிக் காரைக்குடிச் சீமையிலிருந்து பழனிக்கு நடப்போர், குன்றக்குடி முருகனை வணங்கிப் புறப்பட்டு, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து செல்வது பரம்பரையாக வந்த வழக்கம். புதிதாக நடக்க உத்தேசிப்பவர்கள் முதலில் கவலைப்படுவது சாப்பாட்டைப் பற்றித்தான். ஆனால் அந்த நாட்களில் இந்தச் சாலையில் பட்டினி கிடக்க நினைத்தாலும் விடமாட்டார்கள். நிம்மதியாகப் படுக்க ஓர் இடம் அகப்படுவதே அரிது. ஆகையால் அன்றன்றைய நடையை, எங்கே உண்பது என்று பாராமல், எங்கே உறங்குவது என்று பார்த்து வகுத்துக்கொள்வதே உசிதம்.

முதற்காரியமாக, வழக்கமாகச் செல்லும் ஒரு குழுவில் சேர்ந்துகொள்ள வேண்டும். மூட்டைகளையும் சமையல் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு முன்னே போகும் வண்டி மறுநாள் எங்கெங்கே நிற்கும் என்பதைக் குருசாமியிடம் முந்தின இரவே கேட்டறிந்து கொள்க. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அதுவே துணை. தனியே நடப்பவர், தரையின் ஈரம் ஏறாத ஒரு தார்ப்பாய், ஒரு கம்பளி, ஒரு தட்டு, ஒரு டம்ளர் இவற்றுக்கு மேல் சுமக்காமலிருப்பது நலம். தைப் பனியை அலட்சியம் செய்யலாகாது. திறந்த வெளியில் படுத்தவருடைய போர்வை விடியற்காலையில் பிழிந்தெடுக்கலாம் போலிருக்கும்.

அடுத்தது, பொழுதைப் பங்கிடும் முறை. இருள் பிரியாத வேளையில் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் நடையின் பெரும்பகுதியை முடித்து, நண்பகலில் நன்றாக உறங்கி, மாலையில் மீண்டும் நடந்து, இரவு முற்றுவதற்குள் இடம் பிடித்துவிட வேண்டும். ஊர்ச் சத்திரங்கள், நகரத்தார் விடுதிகள், கல்யாண மண்டபங்கள், பள்ளிக்கூட வராந்தாக்கள், அரிசி ஆலைக் களங்கள் எனத் தங்குமிடம் பலவகை. ஆனால் பிந்தி வருகிறவருக்கு எஞ்சுவது சாலையோரமே. அவ்விதம் நேரின், வண்டிகள் ஒதுங்கும் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளிப் படுக்க வேண்டும். தென்னந்தோப்பு கண்ணுக்கு ரம்மியமாயிருப்பினும், மரத்தின் நேர் அடியில் தலை வைப்பது விவேகமன்று. தண்ணீர்க் குழாயின் பக்கத்தைப் பலரும் ஆவலோடு பிடிக்கிறார்கள். நடுநிசிக்குள் அது சேறாகிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்னதானப் பந்தலின் ஒலிபெருக்கி எத்திசை நோக்கிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் படுங்கள். முருகனுடைய பாட்டேயாயினும் இரவு இரண்டு மணிக்குக் காதருகே முழங்கினால், பக்தி எவ்வளவு முதிர்ந்தவருக்கும் நித்திரை வராது. பெண்களும் முதியோரும் உடன் வந்தால், கழிப்பிட வசதியுள்ள மண்டபம் கிடைத்த இடத்தில், மேலும் சில கிலோமீட்டர் நடக்கத் தெம்பிருந்தாலும், நின்றுவிடுவதே புத்திசாலித்தனம்.

இவ்வழியில் தனியாகக் குறிப்பிட வேண்டியது நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடைப்பட்ட பகுதி. 35 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அத்தூரத்தை ஒரே மூச்சில் கடக்க முயல்பவர்கள், கால் கொப்புளத்தோடு எஞ்சிய பாதி வழியை நொண்டி முடிக்கிறார்கள். கோபால்பட்டியிலோ சாணார்பட்டியிலோ ஓர் இரவு தங்கிச் செல்லலாம்.

இனி ஆகாரம். சுக்குக் காபி, இட்லி, பொங்கல், புளியோதரை, சுண்டல், பானகம், நீர்மோர் என்று பந்தலுக்குப் பந்தல் கையைப் பிடித்திழுத்துக் கொடுப்பார்கள். பசியில்லை என்று சொல்லி விரைந்து போவது அவர்கள் மனத்தைப் புண்படுத்தும். கொடுத்ததையெல்லாம் உண்பதோ நம் வயிற்றைப் புண்படுத்தும். "கொஞ்சமாகப் போடுங்கள், ஐயா" என்று கேட்டு, ஒரு கைப்பிடி வாங்கி உண்டுவிட்டு நகர்வதே இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. புறப்படும்போது சுக்குக் காபி, வெயில் ஏறி அமர்ந்த பிறகு முழுச் சாப்பாடு, இரவில் சூடான இரண்டு மூன்று இட்லி: இந்த அளவு போதுமானது. காலையில் கிளறி இரவுவரை அண்டாவில் கிடந்த கலந்த சாதத்தைத் தவிர்ப்பது நன்று. வியர்வையில் உப்புப் போவதால், வெறும் தண்ணீரைவிட உப்பிட்ட நீர்மோர் மேலானது. உண்ட இலையையும் தொன்னையையும் கூடை தேடிப் போட வேண்டும். வெறுங்காலோடு பின்னால் வருகிறவன் அவற்றில்தான் வழுக்கி விழுகிறான்.

திண்டுக்கல்லில் பிற ஊர்க் கூட்டமும் வந்து கலந்துவிடும். அங்கிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரெட்டியார்சத்திரம், மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று வழிப்போக்கரைத் தங்கவைத்த பழைய தர்மத்தை ஊர்களே பெயரில் தாங்கி நிற்க, இந்தப் பகுதியில் நம் குழுவுக்குரிய இடத்தை முன்கூட்டியே பேசி வைத்தாலன்றிக் கிடைப்பது துர்லபம். விருப்பாட்சி மலைவாழைப்பழமும் ஆயக்குடிக் கொய்யாவும் வழியிலேயே கிடைக்கும். நடப்பவருக்குப் பலகாரத்தைவிடப் பழமே ஏற்றது.

கடைசி இரவைப் பழனியில் கழிக்கலாமென்று எண்ண வேண்டாம். தேவஸ்தான விடுதிகளும் தனியார் விடுதிகளும் பூசத்தின்போது நிரம்பி வழியும். ஆயக்குடியிலோ அதற்கு முன்போ தங்கி, விடியுமுன் புறப்பட்டு ஊருக்குள் நுழைவதே சௌகரியம். ஓய்ந்த கால்களுக்கு ஏறத்தாழ 700 படிகளைவிடச் சரிவாகச் செல்லும் யானைப்பாதை இதமானது. மலைமேல் கோயிலில் நாள் முழுதும் அன்னதானம் உண்டு. ஆனால் இரவில் அங்கே தங்க இடம் தேட வேண்டாம். பூசம் கழிந்து காவடியோடு வரும் எடப்பாடிப் பருவதராஜகுலத்தாருக்கு மட்டுமே மலைமேல் இராத்தங்கும் உரிமை உண்டு. தரிசனம் முடிந்ததும் அடிவாரத்தில் நிற்காமல் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள்; பஞ்சாமிர்தத்தை இறங்கிய பிறகே வாங்குங்கள், ஏறும்போது சுமை வேண்டாம்.