வீட்டு நிழற்படங்களும் வருடிப் பொறியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசாங்கத்தார் காப்பர். ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் காப்பவர் அக்குடும்பத்தாரன்றிப் பிறர் இலர். ஏட்டோலை வழக்கொழிந்த பின்னர் அவ்வரலாற்றின் பெரும்பகுதி நம் வீடுகளில் நிழற்படங்களாகவே தங்கியுள்ளது. திருமணம், முதல் நன்மை, புதுத் தோணியை நீரில் இறக்கிய நாள், கொழும்புக்குப் பிழைக்கச் சென்றவர் அங்கிருந்து அனுப்பிய படம் என இவை தூத்துக்குடியின் பழைய வீடுகளில் சுவரிலும் பெட்டியிலும் இருத்தல் கண்கூடு.

ஆயினும் நம் கடற்கரை இவற்றுக்கு உகந்த இடமன்று. பழைய நிழற்படம் என்பது தாளின்மேல் பூசிய ஒரு மெல்லிய படலமேயாகும். அப்படலம் விலங்கின் எலும்பு, தோல் இவற்றினின்று எடுக்கப்படும் ஜெலட்டின் என்னும் பசைப்பொருளால் ஆயது. உருவம் அதனுள்ளே வெள்ளித் துகளாகவோ சாயமாகவோ நிற்கின்றது. ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பும், அருகிலுள்ள கண்ணாடியை ஒட்டிக்கொள்ளும், பூஞ்சைக்கு உணவாகும். வெள்ளியோ காற்றிலுள்ள கெடுவாயுக்களால் மெல்ல மெல்லக் கறுத்தும் மங்கியும் போகும். இவற்றுக்கு வேண்டிய ஈரம் நம் ஊர்க் காற்றில் ஆண்டு முழுதும் உண்டு.

காற்று செய்வதை வெள்ளம் ஒரே இரவில் செய்துவிடும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்திற் பெய்த பெருமழையை இதனைப் படிப்போருட் பலர் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நீர் வடிந்தபின் அரிசியும் துணியும் மீண்டும் வாங்கப்பட்டன. நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை வாங்குதற்குக் கடை எங்கே? ஆகலின், வீட்டிலுள்ள படங்களுக்கு எண்முறைப் படி எடுத்து வைத்தல் எப்படி என்பதையும், அதற்குரிய பொறியைத் தேர்ந்தெடுத்தல் எப்படி என்பதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பொறியின் இயல்பு

ஸ்கேனர் என வழங்கும் வருடிப் பொறி ஒரு தட்டையான பெட்டி. மேலே கண்ணாடி, அதன்மேல் மூடி. படத்தை முகங்குப்புறக் கண்ணாடியின்மேல் வைத்தால், அடியிலுள்ள விளக்கும் ஒளியுணர் சில்லுகளும் ஒரு கோலில் ஏறி, படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்ல நகர்ந்து, வரிவரியாக ஒளியை அளந்து எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும்.

இப்பொறிகள் இருவகைப்படும். ஒளியுணர் சில்லுகள் படத்துக்கு மிக அண்மையில் வரிசையாக நின்று படத்தை நேரே காண்பது ஒருவகை. இது சிஐஎஸ் எனப்படும். கேனன் நிறுவனத்தாரின் லைடு வரிசையும், எப்சன் நிறுவனத்தாரின் பெர்பெக்ஷன் வி39-ம் இவ்வகையின. மெல்லியவை, விலை குறைந்தவை, யுஎஸ்பி கம்பி வழியே வரும் மின்சாரம் ஒன்றே போதும். கண்ணாடிகளாலும் வில்லையாலும் படத்தின் ஒளியைச் சுருக்கிச் சில்லுக்குக் கொணர்வது மற்றொரு வகை. இது சிசிடி எனப்படும். பெர்பெக்ஷன் வி600, வி850 என்பன இவ்வகையின. பருத்தவை, விலை மிக்கவை.

இவ்விரண்டுக்கும் உள்ள தலையாய வேறுபாடு யாதெனின், முன்னது கண்ணாடியை ஒட்டிக் கிடக்கும் பொருளை மட்டுமே தெளிவாகக் காணும். ஒரு மில்லிமீட்டர் மேலெழுந்தாலும் உருவம் கலங்கும். பின்னதன் பார்வையோ சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லும். இது சிறு வேறுபாடு போலத் தோன்றினும் பயன் பெரிது என்பதை யாம் ஒரு நிகழ்ச்சியால் அறிந்தோம்.

வெள்ளத்துக்குப் பின் எம் மாணவர் ஒருவர் சட்டமிட்ட படமொன்றைக் கொணர்ந்தார். முத்துக்குளிப்போர் பதினொருவர் கரையில் நிற்கும் படம் அது. தூத்துக்குடியில் 1955-இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. அக்கடைசி ஆண்டில் எடுக்கப்பட்டதென அவர் வீட்டார் கூறினர். பதினொருவருள் ஒருவர் அவருடைய பாட்டனார். அவர் உருவம் பதிந்த வேறு படம் அவ்வீட்டில் இல்லை. அப்படமோ சட்டத்தின் கண்ணாடியோடு முற்றும் ஒட்டியிருந்தது.

பிரித்தெடுக்கலாமே என்று எண்ணத் தோன்றும். யாமும் முன்னொருகால் அவ்வாறு எண்ணி, எம் வீட்டுப் படமொன்றைக் கத்தி நுனியால் கிளப்ப முயன்றோம். தாள் எம் கையில் வந்தது, எம் தமையனார் முகம் கண்ணாடியிலேயே தங்கிற்று. ஆகவே இம்முறை பிரிக்க ஒருப்பட்டிலேம். மரச்சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு படத்தைச் சிஐஎஸ் பொறியில் வைத்துப் பார்த்தோம். முகங்கள் பனிமூட்டத்தில் நிற்பன போல் வந்தன. சட்டக் கண்ணாடியின் கனமே அதற்குக் காரணம். பின்னர் நண்பர் ஒருவரிடம் சிசிடி பொறியை இரவல் பெற்று வைத்தோம்; கண்ணாடியை ஊடுருவி, தோளிற் கிடந்த கயிற்றின் முறுக்குகள் வரை தெளிவாய் விழுந்தன.

எனவே, வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா விலையன்று. ‘எம் வீட்டிலுள்ளவை எத்தகையவை?’ என்பதே. தட்டையான தாட்படங்கள் மட்டுமே உளவாயின் விலை குறைந்த பொறி போதும். சுருண்டவை, அட்டையில் வளைந்தவை, கண்ணாடியோடு ஒட்டியவை உளவாயின் சிசிடி வேண்டும். நெகட்டிவ் சுருள்கள் உளவாயின், மூடியிலும் விளக்குடைய பொறியே வேண்டும். நெகட்டிவை ஒளி ஊடுருவிச் சென்றாலன்றி உருவம் தோன்றாது. பெரிய கண்ணாடித் தகடுகள் வைத்திருப்போர், அம்மூடி விளக்கின் அகலம் தகட்டுக்குப் போதுமா என்பதையும் அளந்தறிதல் நன்று; சில பொறிகளில் அது ஒரு குறுகிய பட்டையளவே.

புள்ளிக் கணக்கு

பெட்டியின்மேல் அச்சிட்ட பெரிய எண்களைக் கண்டு மயங்குவார் பலர். முத்து வணிகர் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளால் முத்துக்களைத் தரம் பிரித்தனர் என்பதை நாம் அறிவோம். சல்லடை எத்துணை நுண்ணியதாயினும் சிப்பியில் இல்லாத முத்தை அது தரமாட்டாது. படத்தில் இல்லாத நுட்பத்தையும் புள்ளிகளைப் பெருக்குவதாற் பெறல் இயலாது. கணினி இட்டு நிரப்பும் புள்ளிகள் வெறும் ஊகமே. ஆதலின் ‘ஆப்டிகல்’ என்று குறிக்கப்பட்ட எண்ணை மட்டுமே கருத்திற் கொள்க.

சாதாரணத் தாட்படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள படம் அவ்வளவில் 2400-க்கு 3600, அதாவது 86 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகளாகும். ஒரு புள்ளிக்கு மூன்று பைட்டு எனக் கொண்டால் கோப்பு ஏறத்தாழ 26 மெகாபைட்டு. அதனையே 1200 புள்ளியில் எடுத்தால் நான்கு மடங்காகி 104 மெகாபைட்டை எட்டும். கூடும் தெளிவோ பெரும்பாலும் சிறிதே. ஆனால் தபால் தலையளவுள்ள சிறு படத்தைப் பெரிதாக்க விரும்பின் 1200 தகும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் மிகச் சிறியதாகலின் 2400 புள்ளியேனும் வேண்டும். அதன் 24-க்கு 36 மில்லிமீட்டர்ப் பரப்பு அப்போதுதான் 77 இலட்சம் புள்ளிகளைத் தரும்.

செய்முறை

முதலிற் கையை நன்கு கழுவி உலர்த்துக. படத்தை ஓரத்தில் மட்டும் பிடிக்க. பொறியின் கண்ணாடியைச் சிறிதே நனைத்த மெல்லிய துணியால் துடைக்க. நீர்மத்தைக் கண்ணாடிமேல் நேரே தெளித்தலாகாது, விளிம்பு வழியே உள்ளே கசியும். படத்தின் தூசியை மெல்லிய தூரிகையால் நீக்குக. நீரோ எச்சிலோ படலாகாது. பூஞ்சை பிடித்த படங்களைக் காற்றாடும் வெளியிடத்தில் மூக்கை மூடிக்கொண்டு துடைத்தபின்னரே உள்ளே கொணர்க.

கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ண முறையிலேயே வருடுக. காரணம் கூறுவாம். மஞ்சட் கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பு ஒளியை விழுங்காது. ஆகவே, வண்ணப் படியிலிருந்து சிவப்புப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் கறை பெரும்பாலும் மறைந்து உருவம் வெளிப்படும். முதலிலேயே கறுப்பு வெள்ளையாக எடுத்தார்க்கு இவ்வழி அடைபட்டுவிடும்.

பொறி தானே செய்யும் ‘திருத்தங்கள்’ யாவற்றையும் நிறுத்திவைக்க. தூசி நீக்கும் அகச்சிவப்பு முறை சாயத்தாலான வண்ணச் சுருளுக்கே ஏற்றது. வெள்ளித் துகள் அகச்சிவப்பை மறைப்பதால், கறுப்பு வெள்ளைச் சுருளில் அது உருவத்தையே தூசியெனக் கொண்டு சிதைக்கும். பத்திரிகையில் அச்சான படமாயின் அச்சுப் புள்ளிகளை நீக்கும் முறையை மட்டும் ஏவலாம். அன்றேல் அலையலையாய்க் கோலம் விழும்.

முதற்படியை டிஃப் என்னும் வடிவிற் காக்க. அது எதனையும் இழப்பதில்லை. ஜேபெக் வடிவம் கோப்பைச் சுருக்கும்பொருட்டு நுட்பங்களைக் கழித்துவிடுமாகலின் உறவினர்க்கு அனுப்புதற்கு மட்டும் அதனைக் கொள்க. படத்தின் பின்புறத்தையும் தவறாது வருடுக. படப்பிடிப்பு நிலையத்தின் முத்திரையும் முன்னோர் கையெழுத்தும் அங்கேயே உள்ளன.

கட்டிய ஆல்பத்தைப் பொறியின்மேல் கவிழ்த்து அழுத்தினால் முதுகு முறியும். அதற்கு மேலிருந்து காமிராவாற் படமெடுத்தலே முறை. நனைந்த படங்களைப் பொறியில் வைத்தலே கூடாது. சேறு படிந்தவற்றைத் தூய குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, நிழலில் முகம் மேலாக உலர்த்துக. ஒட்டியவற்றை உலரவிட்டுப் பின் பிரிக்க முயலாமல், ஈரமாக உள்ளபோதே நீரில் ஊறவைத்துப் பிரிக்க. உடனே செய்ய இயலாதாயின் உறையிலிட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைநிலையில் வைத்தால் பூஞ்சை தடைப்படும்.

எதனை முதலில் எடுப்பது? பூஞ்சை தொட்டவற்றை முதலிலும், 1960, 70-களின் வண்ணப் படங்களை அடுத்தும் எடுக்க. வண்ணச் சாயம் இருட்டில் வைத்தாலும் வெளிறும். நன்கு கழுவப்பெற்ற கறுப்பு வெள்ளைப் படங்கள் சிறிது காத்திருக்கும்.

படிகளைக் காத்தல்

எண்முறைப் படியும் அழியக்கூடியதே. ஆகவே மூன்று படிகள் வைக்க. அவற்றை இருவேறு சாதனங்களில் வைக்க. ஒன்றை வேறு ஊரில் வைக்க. ஒரே வீட்டில் உள்ள மூன்று படிகளும் ஒரே வெள்ளத்தில் மூழ்கும். மதுரையிலோ கோவையிலோ உள்ள உடன்பிறந்தார் வீடு இதற்குச் சாலும். ஆண்டுக்கொருமுறை அவற்றைத் திறந்து பார்த்தலும் வேண்டும்.

கோப்புக்கு ஆண்டு, ஊர், பெயர் மூன்றையும் இடுக. ஐயமுள்ளதை ஐயமென்றே குறிக்க. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவிபெற்று, தமிழ்நாட்டின் பழைய படப்பிடிப்பு நிலையங்களில் எஞ்சியவற்றைத் தேடி எண்முறைப் படிகளாக்கியுள்ளனர். அத்தகைய தொகுதிகளில் உருவம் இருந்தும் பெயர் இல்லாதார் எத்துணையோ பேர்! பொறி முகத்தைக் காக்கும். பெயரைக் காத்தல் மனிதர் கடமை.

இதனை அம்மாணவர் வீட்டிலேயே யாம் கற்றோம். பெரிதாக்கிய படியை அவருடைய பாட்டியார் முன் வைத்தபோது, அவர் முதலில் தம் கணவர் முகத்தைத் தொட்டார். பின்னர் வரிசையாக எண்ணி ஒன்பதின்மர் பெயரைச் சொன்னார். இருவர் பெயர் அவர் நினைவுக்கு வரவில்லை. “இதை முன்னமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, ஐயா” என்றார். அவ்விரு பெயரும் இன்றளவும் வெற்றிடமாகவே உள்ளன.

மாணவ நண்பர்களே, ஒவ்வொருவரும் ஒரு பொறி வாங்குதல் இன்றியமையாததன்று. நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கலாம், இரவலும் பெறலாம். எதிர்வரும் விடுமுறையில் நும் வீட்டுப் பெட்டியைத் திறந்து, முதியோர் ஒருவரை அருகில் இருத்தி, பத்துப் படங்களுக்கேனும் பெயர் எழுதுவீராக. வருடும் வேலையை அடுத்த மாதம் செய்யலாம். கேட்கும் வேலையை இன்றே செய்க.