சாமையில டிஹைட்ரின் தேட எந்த ஆன்டிபாடி வாங்கலாம்?

ஜவ்வாது மலையில மானாவாரியா விளையுற சாமை, நடுவுல மழை தப்பினாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அது எப்படின்னு புராஜெக்ட் எடுக்கிற பயோடெக் ஆட்கள் தேட வேண்டிய புரோட்டீன்கள்ல ஒண்ணு டிஹைட்ரின். தண்ணீர் குறையும்போது செடி அதைக் கூடுதலா தயாரிக்கும். இலைச்சாறை ஜெல்லில் ஓட்டி, எடைவாரியா பிரிஞ்ச புரோட்டீன்களை மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடி விட்டு டிஹைட்ரினை மட்டும் அடையாளம் காணணும். அதுதான் வெஸ்டர்ன் பிளாட்.

கேட்டலாக்கைத் திறந்தா மனுஷன், எலி, மிஞ்சிப்போனா அராபிடாப்சிஸ். சாமைன்னு பேர் போட்ட பாட்டிலைத் தேடிட்டு இருந்தா செமஸ்டரே முடிஞ்சிடும். பேரை விடுங்க. டேட்டாஷீட்ல 'இம்யூனோஜென்' வரியைப் பாருங்க. எந்தப் புரோட்டீன் துண்டைக் கொடுத்து அந்த ஆன்டிபாடியை உருவாக்கினாங்கன்னு அங்கதான் இருக்கும்.

டிஹைட்ரின் விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம். கே-செக்மென்ட்னு 15 அமினோ அமிலத் துண்டு ஒண்ணு பல செடிகள்ல கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு. அதுக்கு எதிரா உருவாக்கின ஆன்டிபாடி வெவ்வேறு செடிகளோட டிஹைட்ரினைப் பிடிக்குதுன்னு திமோதி குளோஸ் குழு 1993-லயே காட்டிடுச்சு. சாமையும் புல் குடும்பம்தான், அதனால முயற்சி செய்யலாம். ஆனா ஒரு செடியில டிஹைட்ரின் பல வகை. எல்லாத்தையும் பிடிக்கிற ஆன்டிபாடி பல பேண்ட் காட்டும். எது எந்த வகைன்னு சொல்லாது.

எடையை மட்டும் நம்பாதீங்க. டிஹைட்ரின் ஜெல்லில் நிஜ எடையைவிட அதிகமா காட்டுற ஆசாமி. 55 கிலோடால்டன் பக்கம் தடிச்ச பேண்ட் வந்தா ரூபிஸ்கோவைச் சந்தேகப்படுங்க. ஆன்டிபாடியை கே-செக்மென்ட் பெப்டைடோட முன்னாடியே கலந்து வெச்சு இன்னொரு பிளாட் ஓட்டுங்க. அதுலயும் மறையாத பேண்ட் டிஹைட்ரின் இல்லை. மறைஞ்சதெல்லாம் டிஹைட்ரின்தான்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. அதே மாதிரி துண்டு இருக்கிற வேற புரோட்டீனும் மறையும்.

முயல் ஆன்டிபாடின்னா செகண்டரி முயலுக்கு எதிரானதா இருக்கணும். இது தெரிஞ்சதுதான், ஆனாலும் ஆர்டர் போடும்போது மாறிடும்.

செடியை வாட வைக்கிறதுக்கு முன்னாடி காய்ந்த சாமை விதைச் சாறை ஓட்டிப் பாருங்க. விதை முத்திக் காயும்போதே அதுல டிஹைட்ரின் சேர்ந்திடும். அங்கயே பேண்ட் வரலைன்னா இலையை வீணாக்க வேண்டாம். ஜமுனாமரத்தூர் பக்கம் விவசாயிங்ககிட்ட உமி நீக்காத விதையா கேளுங்க. தீட்டின அரிசியில முளைக்கரு போயிருக்கும்.