விருது வாங்கியவரும் நாய்களும்

அன்புள்ள தம்பி,

மைக்கேல் விக் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். சிறையிலிருந்து வந்து, ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியில் சேர்ந்து, 2010-இல் ‘மீண்டு வந்த சிறந்த ஆட்டக்காரர்’ விருது வாங்கியதை விறுவிறுப்பாக எழுதியிருக்கிறாய். ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு அமெரிக்கக் கால்பந்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டியது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் நாய்களுக்கு ஒரே ஒரு வரிதானா?

2007-இல் வர்ஜீனியாவில் அவருக்குச் சொந்தமான, நாய்ச் சண்டை நடந்த இடத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்தார்கள். சரியாகச் சண்டை போடாதவற்றை அவரும் கூட்டாளிகளும் தூக்கில் தொங்கவிட்டும் தண்ணீரில் அமுக்கியும் கொன்றிருக்கிறார்கள். தண்டனை 23 மாதச் சிறை. மீட்ட நாய்களைப் பராமரிக்க விக் ஏறத்தாழ 9,28,000 டாலர் கொடுத்தார். அதை அவருடைய தாராள மனசுக் கணக்கில் எழுதிவிடாதே. வழக்கு கறந்த பணம் அது.

அந்தப் பணம் செய்த வேலையைத்தான் நீ விட்டுவிட்டாய். அதுவரை சண்டை நாய் என்றாலே திருந்தாது என்று பெரும்பாலும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். இந்த வழக்கில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள்; பெரும்பாலானவை பிழைத்தன. அவற்றில் ஒன்றான ஜானி ஜஸ்டிஸ், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் படிப்பதைக் கேட்கும் நாயாக ஆனது. ஆசிரியர் கேட்டால் கூச்சப்படும் பிள்ளை, நாய் கேட்டால் கூச்சப்படுமா?

விக் செய்ததையும் மறைக்காதே. பள்ளிகளுக்குப் போய்ப் பேசினார். நாய்ச் சண்டையை வேடிக்கை பார்ப்பதையும் குற்றமாக்கும் மசோதாவுக்கு ஆதரவாக 2011-இல் வாஷிங்டன் போனார். அவர் திருந்தினாரா என்று பார்க்க இவைதான் உதவும். விருது அவர் பந்தை எறிந்ததற்குக் கிடைத்தது.

விக் மட்டுமல்ல. இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப்பில் ஆடிய கர்ட் ஸூமா தன் பூனையை உதைத்த காணொளி 2022 பிப்ரவரியில் வெளியானது. மறுநாளே கிளப் அவரை ஆடவிட்டது! பிறகு நீதிமன்றம் 180 மணிநேரச் சமூக சேவையும், ஐந்து ஆண்டுகள் பூனை வளர்க்கத் தடையும் விதித்தது. 2023-இல் அவரே கிளப்பின் கேப்டன். வெற்றி தேவைப்படும் கிளப்புக்கு மன்னிக்க நேரம் அதிகம் பிடிக்காது.

நாளை உன் ஊர் லார்க்கின் அரங்கில் ஆடும் ஒருவரே இப்படி மாட்டலாம். நம் மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி கொடுமைக்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டுமே. கிளப்பின் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு எழுத உட்காராதே. குற்றப்பத்திரிகையைப் பார். கால்நடைத் துறைக்குப் போன் போட்டு அந்தப் பிராணி இப்போது எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேள். மன்னிப்பதா வேண்டாமா என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார்.

விருது விழாவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, ஜானிக்கு ஒரு முழுப் பத்தி கொடு. அதற்குப் பிறகு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்