ஒரே பெயர், இரண்டு கோப்புகள்

தமிழில் பெயரிட்ட கோப்பு ஒரு கணினியில் திறக்கிறது; வேறொன்றில் நிரல் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்கிறது. 'பேசாமல் ஆங்கிலத்திலேயே பெயர் வை' என்பதுதான் நமக்குக் கிடைக்கும் அறிவுரை. குறை தமிழிலா, நிரலிலா? 'கோப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஓர் எழுத்து, இரு வடிவம்

தமிழ்ப்பள்ளியில் 'கோ' என்பதை ஓர் எழுத்தாகப் படித்தோம். எழுதும்போதோ இரட்டைக்கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்புகள். யுனிகோடு இவ்விரு பார்வைக்கும் இடமளிக்கிறது. ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடலாம்; இது சேர்ந்த வடிவம். இரட்டைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் இடலாம். இது பிரிந்த வடிவம். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான்.

யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு. ஆகவே சேர்ந்த 'கோப்பு' 18 பைட்டு. பிரிந்த 'கோப்பு' 21 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இயங்குதளங்களின் போக்கு

லினக்ஸுக்குக் கோப்பின் பெயர் பொதுவாக வெறும் பைட்டு வரிசைதான். விண்டோசின் என்டிஎஃப்எஸ் பெயரை யுடிஎஃப்-16 முறையில் வைக்கிறது. அதுவும் இரு வடிவங்களை ஒன்றாக்குவதில்லை. எனவே இவ்விரண்டிலும் ஒரே கோப்புறையில் இரண்டு 'கோப்பு' இருக்க முடியும். மெக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமித்தது. 2017இல் மெக்கிற்கு வந்த ஏபிஎஃப்எஸ், நாம் கொடுத்த வடிவத்தைக் காக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே பெயராகக் கருதுகிறது. லினக்ஸில் உள்ள அவ்விரு கோப்புகளையும் மெக்கிற்குப் படியெடுத்தால், பின்னது முன்னதன்மேல் எழுதப்பட்டு ஒன்று அழிந்துபோகலாம்.

நிரலர் செய்ய வேண்டியவை

1. பெயர்களை ஒப்பிடுமுன் இரண்டையும் சேர்ந்த வடிவத்திற்கு மாற்றுக. பைத்தனில் 'யுனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்', ஜாவாவில் 'நார்மலைசர்' ஆகியவை இதற்கென்றே உள்ளன.

2. கோப்பைத் திறக்கும்போது இயங்குதளம் தந்த பெயரை மாற்றாமல் கொடுக்க. மாற்றினால் லினக்ஸிலும் விண்டோசிலும் அது வேறு பெயராகிவிடும்.

3. புதிய கோப்புகளுக்குச் சேர்ந்த வடிவத்திலேயே பெயரிடுக.

4. லினக்ஸில் பெயரின் நீளத்தைப் பைட்டில் அளக்க. அங்குள்ள எக்ஸ்ட்4 அமைப்பில் உச்ச அளவு 255 பைட்டு, அதாவது 85 தமிழ்க் குறியீடு. மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு குறியீடு என்பதை மறவாதீர்.

பிரெஞ்சின் மேற்குறி எழுத்துகளுக்கும் கொரிய எழுத்துகளுக்கும் இதே சிக்கல் உண்டு. எனவே இது தமிழின் குறையன்று. சில வரிகளில் நிரலைத் திருத்திவிடலாம். பெயரைத் தமிழிலேயே வைப்போம்.