பின் சீட்டுக்காரங்க செலக்ட் பண்ற பைக்

லாங் ரைடுக்கு பைக் பார்க்கப் போறப்போ நாம என்ன கேட்கிறோம்? சிசி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, டாப் ஸ்பீடு எவ்வளவு. டெஸ்ட் ரைடும் தனியாத்தான் போறோம். ஆனா 300 கிலோமீட்டர் பின்னாடி உட்கார்ந்து வரப்போறது அம்மாவோ, அக்காவோ, ஹாஸ்டல் நண்பனோ. அவங்க முதுகு என்ன ஆகும்னு எந்த விளம்பரமும் சொல்லாது. அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

குலுக்கல் கணக்கு

பைக்கை ரெண்டு முனையிலும் சக்கரம் தாங்குற ஒரு பலகையா நினைச்சுக்கோங்க. ஓட்டுறவர் ஏறக்குறைய நடுவில். பின்னாடி இருக்கிறவர் பின் ஆக்ஸிலுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. ஒரு மேட்டில் பலகையின் பின் முனை 4 சென்டிமீட்டர் தூக்குதுன்னு வைங்க. ஓட்டுறவருக்கு 2 சென்டிமீட்டர்தான். பின்னாடி இருக்கிறவருக்கு 4-ம் முழுசா. "ரோடு நல்லாத்தானே இருக்கு"ன்னு நாம சொல்றப்போ பின்னாடியிருந்து பதில் வராததுக்குக் காரணம் இதுதான்.

ப்ரீலோடு

பின்னாடி ஏறுற 60 கிலோவும் பெரும்பாலும் பின் ஷாக் அப்சார்பர் மேலதான் இறங்குது. ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிடுறதால, பள்ளத்தில் விழும்போது மிச்சம் இருக்கிற அசைவு கம்மி. கடைசி வரை அமுங்கி முட்டினா, அந்த அடி நேரா முதுகெலும்புக்கு. இதுக்குத்தான் ப்ரீலோடு. கிளாசிக் 350-ல் பின்னாடி 6 படி இருக்கு. ப்ரீலோடு ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாகாது. அமுங்கின உயரம் மட்டும் திரும்பக் கிடைக்கும். ஆள் ஏறும்போது கூட்டுங்க, இறங்கினதும் குறைங்க. டயர் காத்தும் அப்படித்தான். ரெண்டு பேருக்கான அளவு மேனுவலில் தனியா இருக்கும்.

உயரமா, அசைவா?

நம்ம சென்னையில் தயாராகுற ரெண்டு வண்டியையே எடுத்துக்கலாம். மீட்டியோர் 350-ல் ஓட்டுறவர் சீட் உயரம் 765 மில்லிமீட்டர். முட்டி வலி இருக்கிற அம்மாவும் சுலபமா ஏறலாம். ஹிமாலயன் 450-ல் 825. ஏறக் கஷ்டம், ஆனா முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் அசைவு 200 மில்லிமீட்டர். பள்ளத்தை நல்லா விழுங்கும். ரெண்டில் எது நல்லதுன்னு பொதுவா சொல்ல முடியாது. யார் ஏறப்போறாங்கங்கிறதுதான் பதில்.

ஃபுட்ரெஸ்ட் உயரத்தையும் பாருங்க. சீட்டுக்கும் அதுக்கும் இடைவெளி கம்மின்னா முட்டி மடங்கி, ஒரு மணி நேரத்தில் கால் மரத்துப் போகும். கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தைப் பாதியாவது மறைக்கிற தடுப்பு மூணும் மத்திய மோட்டார் வாகன விதி 123-படி கட்டாயம். புடவையோட ஒருபக்கமா உட்கார்ந்து போறது கடைத்தெரு வரைக்கும் ஓகே. லாங் ரைடுக்கு வேண்டாம். எடை ஒரு பக்கம் சாயும், திடீர்னு பிரேக் போட்டா பிடிமானமும் இல்லை. சுடிதார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்க. ஹெல்மெட் ரெண்டு பேருக்கும்.

எஞ்சின்

மலையில் ரெண்டு பேரை இழுக்கக் குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் வேணும். மீட்டியோர் 4000 ஆர்பிஎம்மிலேயே 27 நியூட்டன் மீட்டர் தருது. வளைவுக்கு வளைவு கியர் குறைக்க வேண்டியதில்லை. பின்னாடி இருக்கிறவங்க தலை நம்ம ஹெல்மெட்ல இடிக்கிறதும் குறையும்.

டெஸ்ட் ரைடு

அகரத்திலிருந்து பார்த்தா நமக்கு ரெண்டு டெஸ்ட் டிராக்கும் பக்கத்திலேயே இருக்கு. கரூர் நாலுவழிச் சாலையில் 80-ல் அரை மணி நேரம்: அதிர்வு தெரிஞ்சிடும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவு: பிடிமானம் தெரிஞ்சிடும். ஷோரூம்ல அவ்வளவு தூரம் தரமாட்டாங்க. அதே மாடல் வெச்சிருக்கிற சீனியர்கிட்ட ஒரு ஞாயிறு மட்டும் கேளுங்க.

போகும்போது கூட வரப்போறவங்களையே பின்னாடி உட்கார வைங்க. பாதி வழியில் இடம் மாறி, நீங்களும் ஒரு 10 கிலோமீட்டர் பின் சீட்டில் வாங்க. ஓட்ட சீனியர் இருக்காரே. இறங்கினதும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "இன்னும் 100 கிலோமீட்டர் போலாமா?" யோசிக்காம "போலாம்"னு வந்தா அட்வான்ஸ் கட்டுங்க. "ம்ம்..."னு இழுத்தா, அடுத்த மாடலைப் பாருங்க.