வீட்டு மடிக்கணினி வாங்குமுன்

பெங்களூரு டவுன் ஹாலுக்கு அருகே உள்ள சதர் பத்ரப்பா சாலையை 'எஸ்.பி. ரோடு' என்றே நகரத்தார் அறிவர். கணினிகளும் உதிரிப் பாகங்களும் விற்கும் கடைகள் அங்கு நெருக்கமாக அமைந்துள்ளன. புதிய பொருள்களோடு, நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகளும் புதுப்பிக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. பிள்ளைகளின் பாடம், வீட்டுக் கணக்கு, இணைய வங்கிப் பணி ஆகியவற்றுக்காகக் கணினி தேடும் ஒரு குடும்பத்துக்கு, குறைந்த விலையில் 'கோர் ஐ7' கிடைக்கிறது என்ற சொல் இனிமையாகவே ஒலிக்கும். அந்தக் கணினி இன்னும் எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பாக இயங்கும் என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. தனிப் பயனாளர்களுக்கு ஒரு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டதெனினும் அது தற்காலிக ஏற்பாடே. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றபின் கணினி வழக்கம்போலவே இயங்கும். திரையில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் குறைகள் அடைக்கப்படாமல் திறந்தே கிடக்கும். பூட்டு பழுதான கதவும் மூடியிருக்கையில் நல்ல கதவாகவே தோன்றும். அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது தகாது.

விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு இருக்க வேண்டும். இன்டெல் செயலியாயின், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். தலைமுறையைச் செயலியின் எண்ணிலேயே காணலாம். 'ஐ7-6600யு' என்பதில் முதல் இலக்கமான 6, ஆறாம் தலைமுறையைக் குறிக்கும். அத்தலைமுறை 2015-இல் வெளிவந்தது. 'ஐ3-1215யு' என்பதில் 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. முன்னதில் இரண்டு கருக்கள், பின்னதில் ஆறு. ஐ7 என்னும் பெயர் ஐ3-ஐவிட உயர்ந்தது என்று எண்ணி முன்னதை வாங்குபவர், மெதுவான கணினிக்கும் காலாவதியாகும் பாதுகாப்புக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

கடையில் விண்டோஸ் 11 திரை தோன்றுவதையே சான்றாகக் கொள்ளலாகாது. தகுதியற்ற கணினியிலும் தடைகளைச் சுற்றிவந்து அதனை நிறுவ இயலும்; அவற்றுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு உறுதியில்லை. மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் 'பிசி ஹெல்த் செக்' மென்பொருளைக் கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். மின்கல அறிக்கையையும் கேளுங்கள்: புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் அருகருகே காணப்படும். இவற்றைக் காட்டத் தயங்கும் கடையில் பேரம் பேசுவதற்கு ஒன்றுமில்லை. தகுதியுள்ள கணினி, முறையான ஜி.எஸ்.டி. ரசீது, சில மாதங்களுக்கேனும் உத்தரவாதம் ஆகிய மூன்றும் கிடைக்குமாயின், புதுப்பிக்கப்பட்ட அலுவலகக் கணினி மலிவான புதிய கணினியைவிட உறுதியானதாகவே இருக்கக்கூடும்.

புதியது வாங்குவோரும் பெயர்களில் மயங்க வேண்டியதில்லை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ரைசன் 5 7520யு' செயலியையும் 'ரைசன் 5 7530யு' செயலியையும் ஒப்பிடுங்கள். பத்து எண்களே வேறுபாடு. விற்பவருக்கும் அது பெரிதாகத் தோன்றாது. ஆயினும் இவ்வரிசையில் மூன்றாம் இலக்கமே உள்ளமைப்பின் வயதைக் கூறுவது. 2 எனில், 2019-இல் அறிமுகமான 'ஜென் 2' அமைப்பு. 3 எனில் அதற்கு அடுத்தது. முன்னதில் நான்கு கருக்களே உள்ளன, பின்னதில் ஆறு. விலை வித்தியாசம் சிறிதாயின் பின்னதே தக்கது.

நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. இணைய வகுப்பும் பத்துப் பதினைந்து உலாவிப் பக்கங்களும் ஒருங்கே திறந்திருக்கும் வீட்டில் 16 ஜி.பி.யே நிம்மதி. இன்று 8 போதும், பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர், அதற்கான இடம் கணினியில் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சேமிப்பகம் எஸ்.எஸ்.டி. வகையாக, 512 ஜி.பி. அளவில் இருத்தல் நலம். மிக மலிவான கணினிகளில் காணப்படும் 64 ஜி.பி. 'இ.எம்.எம்.சி.' சேமிப்பகம் விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கே இடமின்றித் திணறும். பொதுவாக அதனை மாற்றவும் இயலாது.

திரையைப் பற்றி ஒரு சொல் போதும்: 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட, பக்கவாட்டிலிருந்து நோக்கினும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். திரையே பிள்ளைகளின் கண்களுக்கு இதம். தமிழிலும் கன்னடத்திலும் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் எதற்கும் பணம் செலவிட வேண்டாம். தமிழ்99 உட்பட இரு மொழி விசைப்பலகைகளும் விண்டோசிலேயே உள்ளன.

இனிப் பணம் செலுத்தும் முறை. 'கட்டணமில்லா மாதத் தவணை' என்னும் அறிவிப்பு கணினிக் கடைகளில் பெரிய எழுத்தில் காணப்படும். கடன் அட்டை நிலுவைகளுக்கான 'பூஜ்ய வட்டி' திட்டங்களில் வட்டி வேறு வடிவில் மறைந்திருக்கிறது என்பதை 2013 செப்டம்பரிலேயே இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. இன்றைய தவணைத் திட்டங்களில் பொதுவாக, வட்டிக்குச் சமமான தொகையை விற்பனையாளர் முன்கூட்டியே விலையில் தள்ளுபடி செய்கிறார். கடன் அட்டை வழங்கும் வங்கி அதே தொகையைத் தவணைகளில் வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டியின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. ரூ.54,000 விலையுள்ள கணினிக்கு மாதம் ரூ.6,000 வீதம் ஒன்பது தவணைகள். ஆண்டு வட்டி 15 விழுக்காடு எனக் கொண்டால், வட்டிப் பகுதி ஏறத்தாழ ரூ.3,226, அதன் மீது வரி ரூ.581. செயலாக்கக் கட்டணம் ரூ.199 எனில், வரியுடன் ரூ.235. ஆகக் கூடுதல் செலவு ரூ.816. சேமிப்பைக் கரைக்காமல் வாங்க இது நியாயமான விலைதான். கட்டணமில்லாதது என்று மட்டும் கூற இயலாது. முழுத் தொகையையும் உடனே செலுத்தினால் எவ்வளவு குறைப்பார்கள் என்று முதலில் கேட்டறிந்து, அந்தத் தொகையோடு இந்த ரூ.816-ஐயும் கூட்டிப் பார்த்தால் தவணையின் உண்மையான விலை விளங்கும். ஒரு தவணை தவறினால் சேரும் அபராதம் இக்கணக்கில் இல்லை.

புதிய கணினி வந்ததும் பழையதை மாற்றுச் சலுகையில் கொடுப்போர், உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் பதிவிறக்கிய வங்கி அறிக்கைகளையும் மறந்துவிடுதல் உண்டு. குப்பைத் தொட்டியில் போட்ட கோப்பு அழிந்த கோப்பன்று. தேவையானவற்றைப் படியெடுத்தபின், விண்டோசின் மீட்டமைப்புப் பகுதியில் அனைத்தையும் நீக்கும் தெரிவையும், அதனுள் சேமிப்பகத்தைத் துப்புரவு செய்யும் தெரிவையும் தேர்ந்தெடுங்கள். சில மணி நேரம் பிடிக்கும். இரவில் மின் இணைப்போடு விட்டுவிடலாம். இயங்காத கணினியாயின், அதன் சேமிப்பகத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு எஞ்சியதை மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.